மதிலின் உயரத்தை யார் அளப்பது?

மேசையொன்றைச் சுற்றி ஐவர் அமர்ந்திருக்கின்றனர். மேசைமீது சில காகிதங்களும் பென்சில்களும் இருபது முகங்கொண்ட தாயக்கட்டை ஒன்றும் உள்ளன, வேறொன்றுமில்லை. ஆயினும் அவ்வைவரின் அகக்கண்முன் பாழடைந்த கோட்டையொன்று நிற்கின்றது. அதன் மதில் நாற்பது அடி உயரம். மழையில் நனைந்து வழுக்குகின்றது. "நான் மதிலில் ஏறுகின்றேன்" என்கிறார் ஒருவர். ஏனைய மூவரும் நிமிர்ந்து உட்காருகின்றனர். ஐந்தாமவராகிய நடுவர் ஒரு கணம் சிந்தித்துவிட்டு, "பதினைந்து" என்கிறார். கட்டை உருளுகின்றது.

அந்தப் "பதினைந்து" எங்கிருந்து வந்தது? அதனைச் சொல்லும் உரிமை நடுவருக்கு எப்படி வந்தது? இருபது என்று ஏன் சொல்லவில்லை? பத்து என்று ஏன் சொல்லவில்லை? பிள்ளைகள் விடுமுறை நாளில் ஆடும் ஒரு கற்பனை ஆட்டத்தில் இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். ஆனால் அந்த ஏறுபவன் ஆட்டக்காரர் பல மாதங்களாகப் பேணி வளர்த்த கதாபாத்திரம். கட்டை தவறினால் அவன் விழுந்து மடிவான். மடிந்தவன் எளிதில் மீளான். ஆகவே நடுவர் வாயினின்று வரும் ஓர் எண் நீதிபதியின் தீர்ப்பைப் போன்றது. நீதி எவ்வாறு வழங்கப்படுகின்றது என்பதை அறிய அந்த மேசையும் தக்க இடமே.

நடுவர் பிறந்த கதை

இவ்வகை ஆட்டத்தின் மூதாதை போர்க்களத்தைப் படமாக்கிய ஆட்டமே. பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரியான இளைய ரைஸ்விற்ஸ், தம் தந்தையார் 1812 இல் உருவாக்கிய போர் விளையாட்டைத் திருத்தி, 1824 இல் விதிநூலாக வெளியிட்டார். நிலப்படத்தின்மீது சிறு கட்டைகளைப் படைகளாக நகர்த்துவர். இரு தரப்பாரும் தத்தம் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பர். நடுவர் தாயக்கட்டையை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, நிகழ்ந்தது யாது என்று கூறுவார்.

அட்டவணைகள் பெருகப் பெருக ஆட்டம் மந்தமாயிற்று. அதனால் 1876 இல் வேர்டி டு வெர்னுவா என்னும் மற்றொரு பிரஷ்ய அதிகாரி, அட்டவணையையும் தாயக்கட்டையையும் அகற்றிவிட்டு, போர் அனுபவம் மிக்க நடுவரின் சொல்லையே முடிவாகக் கொள்ளலாம் என்று வாதிட்டார். விதியா, விவேகமா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. இன்றும் அது தீர்ந்தபாடில்லை.

அமெரிக்க இராணுவ அதிகாரியான சார்ல்ஸ் டொற்றன் 1880 இல் வெளியிட்ட "ஸ்ட்ரற்றெகோஸ்" என்னும் நூல் நடுவருக்கு மிகுந்த அதிகாரம் அளித்தது. மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி என்பார் அந்நூலைப் படித்து, ஆட்டக்காரர் எதை முயன்றாலும் நடுவர் அதற்கு விடைகூறும் முறையைத் தம் நண்பர்களிடையே பரப்பினார். அந்நண்பர் குழாத்துள் ஒருவர் டேவ் ஆர்னெசன். அவரும் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974 இல் வெளியிட்டதே "டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்" என்னும் ஆட்டம். நிலவறைகளும் பறக்கும் நாகங்களும் என்பது அப்பெயரின் பொருள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக நின்று பேசி ஆடும் இவ்வகை ஆட்டங்கள் யாவற்றுக்கும் அதுவே முதல்நூல் எனலாம்.

முதற் கதவு

முதற் பதிப்பில் தடைகள் மிக எளிமையாகக் கணிக்கப்பட்டன. நிலவறைக் கதவுகள் இறுகிக் கிடப்பவை. அவற்றைத் தள்ளித் திறக்க வேண்டுமாயின் ஆறு முகக் கட்டையில் ஒன்றோ இரண்டோ விழவேண்டும். அஃதாவது, மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. உருவிற் சிறியோருக்கு ஒன்று மட்டுமே பயன்படும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: வீரர் தோள்கொடுத்து மோதவேண்டிய அதே கதவு, அங்கே குடியிருக்கும் அரக்கர்களுக்குத் தானாகவே திறக்குமாம்! நிலவறையே வந்தவரைப் பகைக்கின்றது என்பது அவ்விதியின் உட்கருத்துப் போலும்.

1978 இல் வெளிவந்த விரிந்த விதிநூலில் உடல் வலிமைக்கேற்ப வாய்ப்பும் வேறுபட்டது. வலிமை எண் 10 உடையவன் கதவைத் திறக்க ஆறில் இரண்டு வாய்ப்பு. 18 உடையவனுக்கு ஆறில் மூன்று. இரும்புக் கம்பியை வளைப்பதாயின் முன்னவனுக்கு நூற்றுக்கு 2, பின்னவனுக்கு நூற்றுக்கு 16. கம்பியை வளைக்க ஒரு முறைதான் முயலலாம். முதல் முயற்சி தவறினால், அந்தக் கம்பி அவன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்று கொள்ளவேண்டியதே.

இங்கே ஒரு குறை தென்படும். வலிமை கணக்கில் வந்துவிட்டது, கதவு வரவில்லை. உளுத்துப்போன பலகைக் கதவுக்கும் கருங்காலிக் கதவுக்கும் நூலில் தனித்தனி எண் இல்லை. வேறுபாட்டை நடுவரே கற்பித்துக்கொள்ளல் வேண்டும். ஏறுபவனை அளந்த நூல் ஏறப்படும் மதிலை அளக்க மறந்தது.

மதிலுக்கும் ஓர் எண்

அக்குறையை நீக்கியது 2000 ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பும் 2003 இல் வந்த அதன் திருத்தமும் ஆகும். அவற்றின் முறை இது. ஒவ்வொரு தடைக்கும் ஒரு கடின எண் உண்டு. ஆட்டக்காரர் இருபது முகக் கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுடன் தம் பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டுவார். கூட்டுத்தொகை கடின எண்ணை எட்டினால் வெற்றி. கட்டையின் ஒவ்வொரு முகமும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பாதலின் கணக்கு மிக எளிது.

கடின எண்கள் பொருளின் தன்மையிலிருந்தே பெறப்படுகின்றன. முடிச்சிட்ட கயிற்றைப் பற்றி, மதிலில் கால் ஊன்றி ஏறுதல் 0. முடிச்சில்லாக் கயிறானாலும் கால் ஊன்ற மதில் உண்டெனில் 5. நின்று இளைப்பாற விளிம்புகள் உள்ள சுவர் 10. பற்றிக்கொள்ளப் போதிய பிடிகள் உள்ள மரம் 15. பாழடைந்த கட்டடத்தின் சாதாரண மதில் 20. செங்கற் சுவர் 25. ஈரத்தால் வழுக்குமாயின் ஐந்தைக் கூட்டுக. இரு சுவர்கள் கூடும் மூலையில் முதுகு கொடுத்து ஏறலாமாயின் ஐந்தைக் கழிக்க. கதவுகளும் அவ்வாறே: பூட்டிய எளிய மரக்கதவை உடைக்க 15, இரும்புக் கதவாயின் 28.

இப்போது நம் மேசைக்குத் திரும்புவோம். பாழ்ங்கோட்டை மதில் 20, மழை ஈரம் 5, ஆக 25. நம் நடுவரோ "பதினைந்து" என்று சொல்லிவிட்டார். இதனால் விளையும் வேறுபாடு சிறிதா? ஏறுபவனின் திறன் எண் 5 என்க. கடின எண் 15 ஆயின் கட்டையில் பத்தோ அதற்கு மேலோ விழவேண்டும். பதினொரு முகங்கள் அவனுக்குச் சாதகம். நூற்றுக்கு 55 வாய்ப்பு. கடின எண் 25 ஆயின் இருபது என்னும் ஒரே முகமே சாதகம், நூற்றுக்கு 5. நடுவர் யோசியாது உரைத்த ஒரு சொல் வாய்ப்பைப் பதினொரு மடங்காக்கிவிட்டது.

ஆயின் அட்டவணையைப் பிசகாது பின்பற்றி, "இருபத்தைந்து" என்பதுதான் நீதியா? அங்கேதான் இம்முறையின் அழகு இருக்கின்றது. "இம்மதில் இருபத்தைந்து, ஈரமும் பாசியும் தெரிகின்றன அல்லவா?" என்று நடுவர் வெளிப்படையாகச் சொன்னால், ஆட்டக்காரர் சிந்திக்கத் தொடங்குவார். கொளுக்கியொன்றில் கயிற்றைக் கட்டி மேலே எறிந்து மாட்டுவார். உடனே கடின எண் ஈரத்தோடு சேர்த்து 10 ஆகிவிடும். வாய்ப்பு நூற்றுக்கு 80. கயிற்றை மதில் மூலையிலே தொங்கவிட்டால் எண் 5. திறன் எண் 5 உடையவன் கட்டை உருட்டாமலே ஏறலாம். கருணையால் எண்ணைக் குறைத்த நடுவர் ஆட்டக்காரரைச் சூதாடியாக்கினார். உள்ளது உள்ளவாறு சொன்ன நடுவரோ அவரைச் சிந்தனையாளராக்கினார்.

உலகத்தோடு ஒத்துப்பார்த்தல்

எண் சரியானதா என்று சோதிக்க மெய்யுலகமே உரைகல். மூன்றாம் பதிப்பின் திருத்தத்தில், ஓடிவந்து நீளம் பாய்வோர் எத்தனை அடி பாய விரும்புகின்றனரோ அதுவே கடின எண். 10 அடிப் பள்ளத்துக்கு 10. 20 அடிக்கு 20. அமெரிக்க வீரர் மைக் பவல் 1991 இல் டோக்கியோ நகரில் 8.95 மீற்றர் பாய்ந்து உலக சாதனை படைத்தார். அது 29 அடிக்குச் சற்று மேற்பட்டது. எனவே கடின எண் 29 என்பது மானிட ஆற்றலின் உச்சியைக் குறிக்கும். இந்த ஓர் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டால் நடுவர் தடுமாறவேண்டியதில்லை.

எனினும் உற்று நோக்கினால் ஒரு கோணல் புலப்படும். சிறப்புத் திறன் ஏதுமில்லாத ஒருவன் ஒரு முறை கட்டையில் இருபது விழுந்து 20 அடி பாய்கின்றான்; மறுமுறை ஒன்று விழுந்து ஓரடிதான் பாய்கின்றான். உலகில் எவரும் இப்படிப் பாய்வதில்லை. ஒருவர் நேற்றுப் பாய்ந்த தூரத்துக்கும் இன்று பாயும் தூரத்துக்கும் இடையே அத்துணைப் பெரிய பேதம் இராது. கட்டையின் வீச்சு உடலின் வீச்சைக் காட்டிலும் மிகப் பெரிது.

இக்கோணலை 2014 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு நிமிர்த்தியது. அதன்படி, பத்தடி ஓடிவந்து பாய்பவன் தன் வலிமை எண் எத்தனையோ அத்தனை அடி பாய்வான். வலிமை 15 எனில் 15 அடி. கட்டை உருட்டவேண்டியதே இல்லை. பள்ளம் 12 அடியாயின் தாண்டிவிட்டான். அதற்கு அப்பாற்பட்ட தூரத்துக்கு மட்டுமே நடுவர் கட்டையைக் கேட்கலாம். கட்டை எதற்குக் கூடாது என்று அறிவதும் கடினம் கணிப்பதன் ஒரு பகுதி என்பதை இவ்விதி உணர்த்துகின்றது. நடைபாதையில் நடப்பவன் தடுக்கி விழுந்தானா என்று கட்டை உருட்டிக்கொண்டிருந்தால் வீரகாவியம் விகடமாகிவிடும்.

மூன்றாம் பதிப்பிலும் இதற்கு வேறொரு வழி இருந்தது. அவசரமோ ஆபத்தோ இல்லாதபோது, கட்டையில் பத்து விழுந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். தவறினால் கேடில்லை, நேரமும் ஏராளம் என்றால், இருபது மடங்கு காலம் செலவிட்டு, இருபது விழுந்ததாகவும் கொள்ளலாம். துரத்துவார் இல்லாதபோது பூட்டைத் திறக்க முயல்பவன் என்றோ ஒருபொழுது திறந்தே தீருவான். பின்னால் காலடி ஓசை கேட்கும்போதுதான் கட்டைக்கு வேலை.

கூட்டிக் கழித்தால் தெரியும்

நல்ல நடுவரும் ஏமாறும் இடமொன்று உண்டு. அது நிகழ்தகவு. உயர்வகுப்பு மாணாக்கர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம்.

நாற்பது அடி மதிலுக்குப் பத்தடிக்கு ஒரு முறையாக நான்கு முறை உருட்டுமாறு நடுவர் கேட்கின்றார் என்க. ஒவ்வொரு முறையும் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 75. தாராளமான வாய்ப்பு என்றே எவரும் நினைப்பர். ஆனால் நான்கு முறையும் தவறாது வெல்லவேண்டுமாயின், முக்காலை முக்காலால் நான்கு முறை பெருக்கவேண்டும். வருவது நூற்றுக்கு 32 க்கும் குறைவு. இலகு என்று எண்ணிக் கொடுத்த தடை மூவரில் இருவரைக் கீழே தள்ளிவிட்டது.

இதையே தலைகீழாக்கிப் பார்ப்போம். ஒரு கதவை உடைக்க ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு 25 தான் வாய்ப்பு. மிகக் கடினம் என்று நடுவர் மகிழ்கின்றார். ஆனால் நால்வரும் ஆளுக்கொரு முறை மோதினால் எவரேனும் ஒருவர் உடைத்துவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 68. நால்வரும் வெல்லவேண்டிய தடை தோற்றத்தைவிடக் கடினம். ஒருவர் வென்றாற் போதுமான தடை தோற்றத்தைவிட எளிது. இதனை உணர்ந்தே ஐந்தாம் பதிப்பு, எல்லோரும் சேர்ந்து செய்யும் முயற்சியில் பாதிப்பேர் வென்றால் கூட்டம் முழுவதும் வென்றதாகக் கொள்ளலாம் என்று விதித்தது.

கட்டையின் வகையும் கவனிக்கத்தக்கது. 1977 இல் வெளிவந்த "டிரவலர்" என்னும் விண்வெளி ஆட்டத்தில் இரண்டு ஆறுமுகக் கட்டைகளை உருட்டி, எட்டோ அதற்கு மேலோ பெறுதல் வழக்கம். அதற்கு 36 இல் 15 வாய்ப்பு. நூற்றுக்கு ஏறத்தாழ 42. திறனில் ஒன்றே ஒன்று கூடினால் 36 இல் 21 ஆகி, நூற்றுக்கு 58 ஐ எட்டும். இருபது முகக் கட்டையிலோ ஒன்று கூடினால் ஐந்துதான் உயரும். ஆகவே, "ஒன்று கூட்டித் தருகிறேன்" என்று சொல்லும் நடுவர், எந்தக் கட்டைக்குச் சொல்கின்றார் என்று அறிந்து சொல்லல் வேண்டும்.

மதில் வளருமா?

இனி இப்பொருளின் நெஞ்சுக்கு வருவோம். 2008 இல் வந்த நான்காம் பதிப்பு, நடுவருக்கு உதவியாக ஓர் அட்டவணை தந்தது. பாத்திரங்கள் எந்தப் படியில் உள்ளனரோ அப்படிக்கேற்ப எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று எண்கள். படி உயர எண்ணும் உயரும். உயர்ந்த வீரர் உயர்ந்த தடைகளையே நாடுவர் என்பது அதன் நியாயம். நடுவரின் வேலை இலகுவாயிற்று என்பதில் ஐயமில்லை.

ஆனால் அவ்வட்டவணையை அப்படியே பழைய மதிலுக்கும் பிரயோகித்தால் நிகழ்வது யாது? முதற்படியில் ஒருவன் ஒரு மதிலில் ஏற முயன்று பாதி முறை விழுந்தான். ஓராண்டு காலம் நாகங்களோடு பொருது, பனிமலைகளைக் கடந்து, பத்தாம்படி எய்தி, அதே ஊருக்கு மீளுகின்றான். அதே மதில். இப்போதும் பாதி முறை விழுகின்றான். அவன் வளர்ந்ததன் பயன் என்ன? அவனோடு மதிலும் வளர்ந்துவிட்டதன்றோ!

எந்நாளும் கைக்கெட்டாத தூரத்தில் விலகிச் செல்லும் கனி, கனியன்று, கானல். முன்னொரு நாள் தன்னை வீழ்த்திய மதிலைப் பின்னொரு நாள் சிரித்துக்கொண்டே ஏறிக் கடப்பதில்தான் வளர்ச்சியின் இன்பம் உள்ளது. அந்த இன்பத்தை ஆட்டக்காரரிடமிருந்து எந்த அட்டவணையும் பறித்தல் ஆகாது. புதிய தடை புதிய எண் பெறட்டும். பழைய மதில் பழைய மதிலாகவே நிற்கட்டும். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவார்கள். மாணாக்கனைப் பார்த்து வினாவைக் கடினமாக்குபவர் அவனுக்குப் புள்ளி கொடுக்கலாம். அவன் எதைக் கற்றான் என்பதை அவனுக்குக் காட்ட முடியாது.

விழுந்த பின்

கட்டை தவறினால் என்ன நிகழும் என்பதையும் நடுவர் எண் சொல்லுமுன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கதை முழுவதும் ஒரு பூட்டிய கதவுக்கு அப்பால் இருக்க, கட்டை தவறிவிட்டால் அனைவரும் மேசையைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூன்றாம் பதிப்பிலேயே ஒரு நயமான விதி உண்டு. மதிலில் ஏறுபவன் நான்கு எண்ணுக்குள் தவறினால் விழமாட்டான். நின்ற இடத்திலேயே நிற்பான். ஐந்தோ அதற்கு மேலோ தவறினால்தான் வீழ்ச்சி. வீழ்ச்சிக்கும் அளவு உண்டு: பத்தடிக்கு ஓர் ஆறுமுகக் கட்டை வீதம் காயம்.

வின்சென்ற் பேக்கர் 2010 இல் வெளியிட்ட "அப்பொக்கலிப்ஸ் வேர்ல்ட்" என்னும் ஆட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே தடைக்குத் தடை எண் மாறுவதில்லை. இரண்டு கட்டைகளை உருட்டித் திறனைக் கூட்டப் பத்துக்கு மேல் வந்தாலும் பத்தே வந்தாலும் முழு வெற்றி. ஏழு முதல் ஒன்பது வரை வந்தால் வெற்றியுண்டு, ஆனால் விலையும் உண்டு. ஆறும் அதற்குக் கீழும் வந்தால் நடுவர் கை ஓங்கும். மதில்மீது ஏறிவிட்டாய், ஆயினும் வாள் நழுவிக் கீழே விழுந்துவிட்டது என்பது அந்த நடுவழி. வாழ்க்கையில் நமக்குக் கிட்டும் வெற்றிகளுட் பெரும்பாலானவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

எனவே நடுவராக அமர விரும்பும் இளைஞர்க்குச் சொல்லத்தக்கவை சிலவே. முதலில் தடையை உன் மனக்கண்ணால் நன்கு பார். அதன் கல்லையும் ஈரத்தையும் அறிந்த பின்னரே எண்ணைக் கூறு. ஏறுபவன் உன் நண்பனா, அன்றா என்று பாராதே. நிச்சயமாக முடியும் செயலுக்கும் ஒருபோதும் முடியாத செயலுக்கும் கட்டையைக் கேளாதே. எத்தனை முறை உருட்டவேண்டும் என்பதையும் எண்ணோடு சேர்த்துக் கணக்கிடு. எண்ணைக் கட்டை உருளுமுன் சொல். உருண்ட பின் மாற்றாதே.

இவற்றுள் இறுதியில் உள்ளதே தலையாயது. பிரியமான பாத்திரம் விழப்போகின்றது என்று கண்டு, எண்ணை இரகசியமாகக் குறைத்து அவனைக் காப்பாற்றும் நடுவர் நல்லவராகத் தோன்றலாம். ஆனால் ஒரு நாள் ஆட்டக்காரர் அதனைக் கண்டுகொள்வார். கண்டுகொண்ட அன்றே, இதுகாறும் தாம் பெற்ற வெற்றிகளுள் எது தம்முடையது, எது நடுவர் இட்ட பிச்சை என்று அறியாது திகைப்பார். அந்தத் திகைப்பைவிட நாற்பது அடி வீழ்ச்சி மேலானது.

மேசைமீது கட்டை உருண்டு நிற்கின்றது. விழுந்தது பதினேழு, திறன் எண் ஐந்து, மொத்தம் இருபத்திரண்டு. மதிலோ இருபத்தைந்து. ஏறியவன் பாதி உயரத்தில், ஈரக் கல்லைப் பற்றியவாறு அசையாது தொங்குகின்றான். விழவுமில்லை, ஏறவுமில்லை. "கயிறு இருக்கின்றதா?" என்று கீழே நிற்கும் தோழரை நோக்கி அவன் மெல்லக் கேட்கின்றான். ஆட்டம் அங்கேதான் தொடங்குகின்றது.